கல்லடிக் கடற்காற்றில் கரகரக்கும் கணினி: எந்த விசிறியை மாற்ற வேண்டும்?

கல்லடி ஆசிரியை:

மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. வீட்டிலுள்ள மேசைக் கணினியை 2014ஆம் ஆண்டு வாங்கினோம். இன்டெல் நான்காம் தலைமுறைக் கோர் ஐ3 புரொசசர், அதன்மேல், அதே பெட்டியில் வந்த வட்டமான அலுமினியக் குளிரூட்டி, கேசிங்கின் பின்புறத்தில் ஒரு சிறிய விசிறி, மின்வழங்கிக்குள் இன்னொன்று. ஆக மொத்தம் மூன்று விசிறிகள். ('பேன்' என்று எழுதினால் தலையில் ஊர்வதுதான் நினைவுக்கு வருகிறது, ஆகவே விசிறி என்றே எழுதுகிறேன்.)

வைகாசிக் கடைசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கியதிலிருந்து, காலையில் கணினியைப் போட்டவுடன் மணலை அரைப்பது போன்ற கரகரப்பு உள்ளேயிருந்து எழுகிறது. கால் மணித்தியாலம் போனால் அது மெல்லிய இரைச்சலாக அடங்கிவிடும் என்பதால் முதலில் நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் மூன்று வாரங்களாக, பிற்பகல் இரண்டு மணியளவில், உயர்தரத்தில் படிக்கும் மகன் காணொளிப் பாடம் பார்த்துக்கொண்டிருக்கையில் கணினி ஆமைபோல ஊர்கிறது. இரண்டு முறை எந்த அறிவிப்புமின்றி அணைந்தும் போயிற்று. கடந்த செவ்வாய்க்கிழமை, தவணைப் பரீட்சை வினாத்தாளைத் தட்டச்சுச் செய்ய உட்கார்ந்தபோது, கறுப்புத் திரையில் 'சிபியூ ஃபேன் எரர்' என்று காட்டி எஃப்1 விசையை அழுத்தச் சொன்னது. அழுத்தியதும் வழமைபோல விண்டோஸ் வந்துவிட்டது.

பின்புற விசிறிதான் பழுது என்று நினைக்கிறேன். பின்னால் கையை வைத்துப் பார்த்தால் காற்று வெளியே வருவதாகவே தெரியவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் ஒரு கடையில் கொடுத்து அதை மாற்றினோம். அதற்குள் மறுபடியும் போய்விட்டதா என்று மனவருத்தமாக இருக்கிறது. புதியது வாங்குவதானால் எந்த அளவில் கேட்க வேண்டும், மூன்று வயர் உள்ளதா நான்கு வயர் உள்ளதா வேண்டும், இதை நானே மாற்றலாமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். என்னிடம் ஒரு ஸ்குரு டிரைவரும் பொறுமையும் உண்டு, அனுபவம் இல்லை.

காத்தான்குடித் திருத்துநர்:

வணக்கம் டீச்சர். விசிறி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னர், பழுதானது எந்த விசிறி என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சிபியூ என்பது கணினியின் மூளையான புரொசசர்தான்; திரையில் வந்த அந்தச் செய்திக்கும் பின்புற விசிறிக்கும் தொடர்பில்லை. புரொசசர் விசிறிக்கென்று மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகையில்) தனியாக ஓர் இணைப்பு முனை இருக்கிறது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது அதிலிருந்து இரண்டு மின்துடிப்புகள் மதர்போர்டுக்குப் போகும். அவற்றை எண்ணித்தான் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பயாஸ் (விண்டோசுக்கு முன்னர் ஓடும் அடிப்படை மென்பொருள்) கணக்கிடுகிறது. கணினியைப் போட்ட வேளையில் அந்த எண்ணிக்கை குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் இந்தச் செய்தி வரும். காலையில் கரகரத்துத் தயங்கி, பின்னர் சூடேறியதும் ஓரளவு ஒழுங்காகச் சுற்றும் விசிறி என்றால், அதன் பேரிங்கில் (தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பாகத்தில்) இருந்த எண்ணெய் வற்றிவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம்.

கணினி ஊர்வதும் இதனோடு சேர்ந்த கதைதான். உங்கள் புரொசசர் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறிக்கொண்டே போனால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அறிவிப்பின்றி அணைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கச்சான் காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு நம் பக்கத்து அறைகளே 34, 35 பாகையில் இருக்கின்றன. எவ்வளவு நல்ல விசிறியாக இருந்தாலும் அறையில் உள்ள காற்றைத்தான் அதனால் வீச முடியும். ஏசியைப் போல அறையைவிடக் குளிராக்க அதனால் ஆகாது. ஆகவே மார்கழியில் தாக்குப்பிடித்த அரைப் பழுதான விசிறி, ஆனி ஆடியில் கைவிட்டுவிடுகிறது.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் கணினிகளைத் திறக்கும்போது நான் முதலில் தேடுவது உப்பை. கறியுப்பானது, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். இரவில் கரைந்து தூசியோடு சேர்ந்து பசையாகும். பகலில் சூட்டில் காய்ந்து பொருக்காகும். ஒவ்வொரு நாளும் இப்படி நடந்து, விசிறி இதழ்களின் முன்விளிம்பில் சோற்றுக்கஞ்சி காய்ந்ததைப் போல ஒரு படை ஏறிவிடுகிறது. அந்தப் படை எல்லா இதழ்களிலும் ஒரே அளவாக ஏறாததால் நிறை ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றும்போது ஆட்டம் ஏற்பட்டு, பேரிங் தேய்கிறது. ஆரையம்பதியிலோ கல்லடியிலோ உள்ள ஒரு கணினியையும் கடலிலிருந்து தள்ளியுள்ள செங்கலடிப் பக்கத்துக் கணினியையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, மறுபடியும் பிளக்கைப் போட்டுக் கணினியை இயக்குங்கள். சேலைத் தலைப்பும் கூந்தலும் முன்னே விழாமல் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு விசிறியின் பக்கமாகவும் கொண்டுபோனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிவிடும். ஐயம் இருந்தால், பென்சிலின் அழிப்பான் உள்ள முனையால் விசிறியின் நடுக் குமிழை மட்டும் இரண்டு விநாடி மெல்ல அழுத்தி நிறுத்துங்கள். இதழைத் தொட வேண்டாம். அந்த நேரத்தில் சத்தம் நின்றால் அதுதான் குற்றவாளி. மின்வழங்கியின் விசிறியில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் கம்பிவலைக்குள் எதையும் நுழைக்கக்கூடாது.

அதன்பின் ஒரு கடதாசிக் கைக்குட்டையைக் கிழித்து, பின்புற விசிறியின் வெளிப்பக்கத்தில் பிடியுங்கள். அது வெளியே பறக்கிறதா, உள்ளே போய் ஒட்டிக்கொள்கிறதா என்று எழுதுங்கள். பயாஸில் வெப்பநிலையையும் விசிறி வேகங்களையும் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும். அதில் உள்ள எண்களையும் சொல்லுங்கள். பயாஸில் நிற்கும்போது புரொசசர் முழு ஓய்வுக்குப் போவதில்லை. ஆகவே விண்டோசில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட அங்கே சில பாகை கூடத்தான் காட்டும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கல்லடி ஆசிரியை:

காத்தான்குடி நானா, நீங்கள் சொன்ன ஒழுங்கில் நேற்று இரவு எட்டு மணிக்குச் செய்து பார்த்தேன். செய்தித்தாள் குழல் நல்ல வேலை செய்தது. சத்தம் முழுவதும் புரொசசர் விசிறியிலிருந்தே வருகிறது. நடுக் குமிழை அழுத்தியபோது வீடே அமைதியானது போல் இருந்தது. பின்புற விசிறி ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றுகிறது. பயாஸில் புரொசசர் 71 பாகை, அதன் விசிறி 560க்கும் 900க்கும் இடையில் ஓரிடத்தில் நில்லாமல் ஏறி இறங்குகிறது, பின்புற விசிறி ஏறத்தாழ 1900இல் அசையாமல் நிற்கிறது.

எனக்கு வியப்பாக இருந்தது கடதாசிதான். அது வெளியே பறக்கவில்லை. கம்பிவலையோடு போய் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழாமல் அப்படியே நின்றது. உள்ளே பார்த்தபோது, பின்புற விசிறியின் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் புரொசசரை நோக்கி இருக்கிறது. இது சரியா?

காத்தான்குடித் திருத்துநர்:

சரியில்லை டீச்சர். நீங்கள் மாற்ற நினைத்த விசிறியில் ஒரு பழுதும் இல்லை. அதைத் திருப்பிப் பூட்டிவிட்டார்கள். சட்டத்தின் குறுக்குக் கால்களும் ஸ்டிக்கரும் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பல விசிறிகளின் சட்ட விளிம்பில் இரண்டு சின்ன அம்புக்குறிகளும் அச்சில் வார்த்திருப்பார்கள்: ஒன்று இதழ் சுற்றும் திசை, மற்றது காற்றுப் போகும் திசை. நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

உங்கள் கணினியில் முன்புற விசிறி இல்லாததால், முன்பக்கத் துவாரங்களால் காற்று நுழைந்து, புரொசசரைக் கடந்து, பின்னால் வெளியேற வேண்டும் என்பதே அதன் அமைப்பு. பின்விசிறி உள்ளே ஊதினால், சூடான காற்றுக்கு வழி அடைபட்டு, அதே காற்று பெட்டிக்குள்ளேயே சுழன்று மீண்டும் புரொசசருக்குப் போகிறது. மேசையின் பின்னால் கடல்பக்கத்து யன்னல் இருந்தால், இரண்டு வருடமாக உப்புக்காற்றை நேராகப் புரொசசர் குளிரூட்டியின் மேலேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது என்று அர்த்தம். யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது?

அதைத் திருப்பிப் பூட்ட நான்கு ஸ்குருவைக் கழற்றினால் போதும். அவை பிளாஸ்டிக்கை அரிந்துகொண்டு இறங்கும் பெரும்புரிக் கட்டை ஸ்குருக்கள். ஏற்கனவே இருந்த புரியில் விழும்படி முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, 'டக்' என்று இறங்கியதும் வலப்பக்கமாக முறுக்குங்கள். மறுபக்கத் துளைகளில் இதுவரை ஸ்குரு ஏறியிருக்காவிட்டால் சற்று அழுத்தித்தான் முறுக்க வேண்டியிருக்கும்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள்; இப்போது உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசிறியின் அளவு என்பது சட்டத்தின் வெளிவிளிம்பு. 80 மில்லிமீற்றர் விசிறியின் ஸ்குருத் துளைகளுக்கு இடையில் 71.5 மில்லிமீற்றரும், 92க்கு 82.5உம், 120க்கு 105உம் இருக்கும். துளையிலிருந்து துளைக்கு அளந்துவிட்டு '70 மில்லிமீற்றர் விசிறி இருக்கிறதா' என்று கேட்டு வருபவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

புரொசசர் விசிறிக்கு வருவோம். உங்களுடைய வகைக் குளிரூட்டியில், விசிறியின் பிளாஸ்டிக் சட்டமும் மதர்போர்டில் ஊன்றும் நான்கு கால்களும் ஒரே வார்ப்பு. ஆகவே விசிறியை மட்டும் தேடி அலையாமல் குளிரூட்டியை முழுதாக மாற்றுவதே சிக்கனம். பெரிய குளிரூட்டி பொருத்தியவர்கள் கழற்றிவைத்த, பாவிக்காத பெட்டிக் குளிரூட்டிகள் கடைகளில் கிடைப்பதுண்டு.

ஒலுவில் மாணவன்:

டீச்சர், நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறேன். விடுதி நண்பர்களின் கணினிகளில் இந்த வேலையைச் சில முறை செய்திருப்பதால், நானா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கடையில் 'இன்டெல் கூலர்' என்று மட்டும் கேட்காதீர்கள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கால்களின் இடைவெளி வேறுபடும். உங்களுடைய சொக்கெட் (மதர்போர்டில் புரொசசர் உட்காரும் இடம்) 1150. அதற்கு 75 மில்லிமீற்றர். 1155, 1151, 1200 ஆகியவற்றுக்கும் அதே இடைவெளி என்பதால் அவற்றின் குளிரூட்டி உங்களுக்கும் பொருந்தும். பழைய 775 சொக்கெட்டுக்கு 72, புதிய 1700 சொக்கெட்டுக்கு 78. மூன்று மில்லிமீற்றர்தானே என்று கால்களை வளைத்து ஊன்றினால், அலுமினியம் புரொசசரின் மேல் சமமாக உட்காராது. என் அறைத்தோழன் ஒருவன் இப்படி அழுத்திப் பூட்டியதில் ஒரு கால் உடைந்து, மூன்று நாள் புத்தகத்தை முட்டுக்கொடுத்து வைத்திருந்தான். அதைப் பின்பற்ற வேண்டாம்.

வயர்களைப் பொறுத்தவரை, புரொசசர் விசிறி நான்கு வயருடையதாக இருக்க வேண்டும். நான்காவது வயரின் வழியாக மதர்போர்ட் விநாடிக்கு ஏறத்தாழ 25,000 தடவை துடிக்கும் ஒரு சைகையை அனுப்பி, அதன் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை ஆளுகிறது. மனிதக் காதுக்கு அந்த அதிர்வெண் எட்டாது. அதனால்தான் கட்டுப்பாட்டின் இரைச்சல் கேட்பதில்லை. மூன்று வயர் விசிறியிலும் சுற்றை எண்ணும் வயர் உண்டு. ஆனால் வேகத்தை ஆள வேண்டுமானால் 12 வோல்ற்றையே குறைக்க வேண்டும். அதை நான்கு முள் முனையில் செருகலாம். பயாஸில் விசிறி முறையை 'டிசி' என்று மாற்றாவிட்டால் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடக்கூடும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். மூன்று வயர் விசிறியில் மஞ்சள் வழமையாகச் சுற்றை எண்ணும் வயர். நான்கு வயர் விசிறிகள் பலவற்றில் அதே மஞ்சள்தான் 12 வோல்ற்று. செருகியில் உள்ள இரண்டு வரம்புகளும் மதர்போர்ட் முனையின் பின்தட்டும் பொருந்தும் வகையில் செருகினால் தவறு நேராது.

இனிக் கழற்றுவது. பிளக்கை உருவியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னேற்றத்தை வெளியேற்றுங்கள். கேசிங்கின் நிறம்பூசாத தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். குளிரூட்டியின் நான்கு கால்களின் தலையிலும் ஸ்குரு டிரைவருக்கான வெட்டும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அம்புக்குறி காட்டும் பக்கமாக, அதாவது இடஞ்சுழியாக, கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் 'களுக்' என்று விடுபடும். நான்கும் விடுபட்ட பின் நேராக மேலே பிடுங்காமல், முதலில் இடமும் வலமுமாகச் சற்றே திருகுங்கள். சூட்டைக் கடத்துவதற்காகப் புரொசசருக்கும் குளிரூட்டிக்கும் இடையில் பூசிய பத்து வருடப் பேஸ்ட் சீமெந்துபோல இறுகியிருக்கும்; கழற்றுவதற்கு முன்னர் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் அது இளகிக்கொடுக்கும். உங்கள் புரொசசரை ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால் அது சொக்கெட்டோடு நிற்கும். ஏஎம்4 சொக்கெட் ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே புரொசசரும் பேஸ்ட்டோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் அடி ஊசிகள் வளைந்துவிடும்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் அல்ககோல் தேவை. பாமசியில் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தூக்கித் தருவார்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பதுண்டு. கைக்குப் பூசும் சனிட்டைசரில் கிளிசரின் இருக்கும். இரண்டுமே துடைத்த இடத்தில் எண்ணெய்ப் படையை விட்டுச்செல்லும். புதிய குளிரூட்டியின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் பட்டைகளாகப் பூசப்பட்டிருந்தால் அதற்கு மேல் எதுவும் பூச வேண்டாம், விரலும் படக்கூடாது.

பூட்டும்போது நான்கு தலைகளும் வலஞ்சுழியாக முழுவதும் திரும்பிய நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மூலைக்கு மூலையாக, குறுக்கே எதிரெதிர் கால்களை அழுத்துங்கள். ஒரே பக்கத்து இரண்டையும் முதலில் அழுத்தினால் மறுபக்கம் எழும்பிவிடும். மதர்போர்ட் வளைவதைப் பார்த்து மனம் பதறும். அந்த அளவு வளைவு வழமையானதுதான்.

அக்கரைப்பற்று வாசகர்:

இவ்வளவு சிரமம் எதற்கு? விசிறியின் நடு ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மறுபடி ஒட்டினால் சத்தம் நின்றுவிடும். என் தையல் கடைக் கணினி இப்படியே மூன்றாவது வருடம் ஓடுகிறது. காசைச் செலவழிக்க முன்னர் டீச்சர் இதைச் செய்து பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

காத்தான்குடித் திருத்துநர்:

அக்கரைப்பற்றுச் சகோதரர் சொல்வது பொய்யல்ல. நானும் எத்தனையோ விசிறிகளுக்கு விட்டிருக்கிறேன். ஆனால் அது எந்த விசிறிக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். ஸ்டிக்கரின் கீழே தண்டு தெரியும் ஸ்லீவ் பேரிங் வகைக்கே எண்ணெய் போய்ச் சேரும். சில விசிறிகளின் முதுகு முழுவதுமாக மூடிய வார்ப்பு; அவற்றில் விட்ட எண்ணெய் ஸ்டிக்கரை நனைப்பதோடு சரி. ஏற்கனவே துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பிச் சில கிழமைகளுக்குச் சத்தத்தை மறைக்கும். பிறகு கணினியைப் போட்ட ஒரு காலையில் விசிறி சுற்றவே மறுக்கும். பின்புற விசிறியில் அப்படி நடந்தால் பாதகமில்லை. புரொசசர் விசிறியில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு. டீச்சருடைய விசிறி 560க்கும் 900க்கும் இடையில் அலைகிறது. அது எண்ணெய் கேட்கும் விசிறியல்ல, ஓய்வு கேட்கும் விசிறி.

எண்ணெய் விடுவதாயிருந்தால் தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. தேங்காயெண்ணெய் விட்டுக்கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சூட்டில் அது நாட்பட நாட்படப் பிசினாகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டிக்கரின் பசை போயிருந்தால் அதன்மேல் புதிதாக ஒன்றை ஒட்டாமல் விடாதீர்கள்; சுற்றும் வேகத்தில் எண்ணெய் சிதறி மதர்போர்டில் விழும்.

மின்வழங்கி விசிறியை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. நம் 230 வோல்ற்று மின்சாரத்தை நேரோட்டமாக்கும்போது உள்ளே உள்ள பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 320 வோல்ற்று ஏறி நிற்கும். பிளக்கை உருவிய பின்பும் அது சில நேரம் தங்கியிருக்கக்கூடும். அந்தப் பெட்டியை வீட்டில் திறக்காதீர்கள்.

கல்லடி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. யன்னல், நானா நினைத்தது போலவே, மேசைக்கு நேர் பின்னால், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டோம்.

சனிக்கிழமை 1151 சொக்கெட்டுக்குரிய, பேஸ்ட் பூசிய, பாவிக்காத ஒரு குளிரூட்டி நகரில் கிடைத்தது. ஞாயிறு காலை மகனை டோர்ச் பிடிக்க வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பழைய குளிரூட்டியைத் திருகி எடுத்தபோது, விசிறிக்கும் அலுமினிய இதழ்களுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டுபோல் தடித்த ஒரு தூசிப் படை வட்டமாக வெட்டியெடுத்தது போல் இருந்தது. மேலிருந்து பார்த்தால் விசிறி மறைத்துவிடுவதால் இத்தனை நாளும் அது கண்ணில் படவில்லை. அலுமினிய இதழ்களின் ஓரங்களில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அதுதான் உப்பின் வேலை என்று நினைக்கிறேன். விசிறியைக் கையால் சுண்டிவிட்டால் அரைச் சுற்றோடு நின்றது. புதியது பல சுற்றுகள் ஓடி அடங்கியது.

முதல் முறை பூட்டி முடித்துப் பயாசுக்குள் போனபோது வெப்பநிலை 60, 74, 88 என்று என் கண்முன்னே ஏறியது. 92இல் அணைத்துவிட்டேன். மதர்போர்டின் பின்பக்கம் கேசிங்கில் ஒரு வெட்டு இருக்கிறது. அதன் வழியாக மகன் பார்த்தான். மூன்று கால்களில் கறுப்பு ஊசி வெள்ளைக் காலைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது, நான்காவதில் வரவில்லை. அந்தக் காலின் தலை வலஞ்சுழியாக முழுவதும் திரும்பாமல் பாதியில் நின்றதே காரணம். அதைச் சரியாகத் திருப்பி, பெருவிரலால் மறுபடி அழுத்தியபோதுதான், மற்ற மூன்றிலும் கேட்ட அந்தச் சத்தம் அதிலும் கேட்டது. இப்போது பயாஸில் 47 பாகை. விசிறி 1100க்குப் பக்கத்தில் அலையாமல் நிற்கிறது. எரர் செய்தி வரவில்லை.

பின்புற விசிறியைத் திருப்பிப் பூட்டினேன். அம்புக்குறிகள் இரண்டும் நகத்தில் தட்டுப்பட்டன. கடதாசி வெளியே பறக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. முதல் முறை ஒரு கால் சரியாக ஊன்றாமல் ஓடியதில் பேஸ்ட் கெட்டிருக்குமா? மறுபடி கழற்றிப் புதிதாகப் பூச வேண்டுமா?

காத்தான்குடித் திருத்துநர்:

குளிரூட்டியைப் புரொசசரிலிருந்து முழுவதுமாகத் தூக்கியிருந்தால் துடைத்துப் புதிதாகப் பூசத்தான் வேண்டும் டீச்சர். ஏனென்றால் மறுபடி வைக்கும்போது இடையில் காற்றுக் குமிழ் அகப்பட்டுவிடும். நீங்கள் தூக்கவில்லை, ஒரு மூலை மட்டும் எழும்பி நின்று, பின்னர் அழுந்தியிருக்கிறது. மகனுடைய காணொளிப் பாடத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு அரை மணித்தியாலம் ஓடவிட்டு, வெப்பநிலையைக் காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளில் பாருங்கள். 75ஐத் தாண்டாவிட்டால் கையே வைக்காதீர்கள். தாண்டினால் கழற்றிக்கொண்டு வாருங்கள். பயற்றங்கொட்டை அளவு பேஸ்ட் நான் தருகிறேன்.

கல்லடி ஆசிரியை:

இன்று இரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டரை வரை ஓடவிட்டேன். அறை 34, புரொசசர் 63.